இடது காலுக்கு ஒரு சுவிட்ச்

மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாக மிக்சி பழுது பார்க்கிறவரைத் தெருவே 'மிக்சி டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறது. ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். வீட்டு மிக்சி மூன்று மாதமாக ஓடவில்லை என்று மனைவி போடும் சத்தம் மட்டும் அவர் காதில் ஏறுவதில்லை.

தங்கை மகளுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை; கைகால் சொன்னபடி கேட்காது. சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி வருகிறவர் போகிறவரை எல்லாம் எடைபோடுவாள். அதனால் மாமா வைத்த பெயர் மகாராணி. சிறப்புப் பள்ளியின் விளையாட்டு வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே பிள்ளைகள் சுவிட்சை அழுத்தித்தான் பொம்மைகளை ஓட்டுவார்கள். தான் அழுத்துவதால்தான் பொம்மை ஓடுகிறது என்று இவளுக்குப் புரிகிறதா, வியாழக்கிழமை பார்க்கலாம் என்றார் டீச்சர். புரியவில்லையென்றால் இன்னும் ஒரு வருடம் வீட்டுச் சுவர்தான்.

"அண்ணா, அதுக்குள்ள இவ வீட்லயே பழக ஒரு சுவிட்ச் பொம்மை பண்ண உன்னால முடியுமா?"

"ஆயிரம் மிக்சிக்கு சுவிட்ச் மாத்தினவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

குரைக்கும் நாய்ப்பொம்மையின் வயிற்றைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்திலிருந்து ஒயரை இழுத்து, சோப்பு டப்பா மூடியில் ஒரு சுவிட்ச் செய்து அவள் வலது கைக்கடியில் வைத்தார். ஈ உட்கார்ந்தாலே வேலை செய்கிற சுவிட்ச். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட. அவள் கை நடுங்கியது, நாய் குரைத்தது. தும்மினாள், குரைத்தது. தெருவில் லாரி போனது, அதற்கும் குரைத்தது. ஞாயிறு மாலைக்குள் மகாராணி நாயைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

போனில் விஷயத்தைக் கேட்டு டீச்சர் சிரித்துவிட்டார். "அது சும்மாவே குரைக்கிற நாய்னு அவ முடிவு பண்ணியிருப்பா சார். கொஞ்சம் சிரமப்பட்டு அழுத்தினாதானே நாம பண்ணினோம்னு தெரியும்? சரி, அவளா வேணும்னே பண்ற வேலை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லையே" என்றபடி போனை வைத்துவிட்டு, நாற்காலிச் சக்கரத்தைப் பார்க்கக் குனிந்தார். மூக்குக்கண்ணாடி பறந்து கட்டிலுக்கடியில் விழுந்தது. வழக்கமாக நடப்பதுதான், அவள் காலில் தானாக வரும் உதறல் என்று நினைத்திருந்தார். இன்று என்னவோ, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார். இடது கால் குறி தப்பாமல் வந்தது. மேலேயிருந்து ஒரு கெக்கலிப்பு.

"அடிப் போக்கிரி! இத்தனை நாளா வேணும்னேதானா?"

அன்றே பழைய அழைப்புமணி ஒன்றின் கெட்டியான ஸ்பிரிங்கைப் பிடுங்கி, 'டக்'கென்று அழுந்தும் சுவிட்ச் ஒன்றைச் செய்து இடது பாதத்தின் முன்னால் கட்டினார்.

வியாழக்கிழமை. பள்ளி மேசைமேல் நாய். அரை நிமிடம் போனது, கால் அசையவில்லை.

"கண்ணு, அழு—" என்று ஆரம்பித்த தங்கையைப் பார்த்து டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். மிக்சி டாக்டர் தன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். விட்டால் அவையே போய் அழுத்திவிடும்.

டக். வள்!

மகாராணி காலைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். டக். வள்!

டீச்சர் மலர்ந்துபோய்த் தங்கையிடம் திரும்பினார். "பாத்தீங்களா, இனிமே இவளுக்கு—"

வள்!

டீச்சர் நிறுத்தினார். நாயும் நிறுத்தியது.

"என்ன சொல்ல வந்தேன்னா, அடுத்த வாரத்துல இருந்து—"

வள்! வள்!

"ஏய் மகாராணி, டீச்சரைப் பேச விடு!"

மாமாவுக்கும் ஒரு வள்.

டீச்சர் தோற்றுப்போய், ஒரு தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி உயர்த்திக் காட்டினார்: திங்கள், காலை ஒன்பது மணி.