வீட்டு ஆள் என்ற கட்டம்

பொறாமைப்பட்டேன் என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். வேறு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தேடியும் பார்த்தேன். போட்டி, ஆதங்கம் என்றெல்லாம் போட்டுப் பார்த்தும் எதுவும் ஒட்டவில்லை. சிதம்பரத்தில் வேளாண் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலம் முழுக்க, என்னைவிட ஒரு வருடம் ஜூனியரான ஒரு பெண்ணைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே கைடு, ஒரு மேடம். தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: இயற்கை விவசாயத்தில் நெல் போடுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகிறதா, இல்லையா. ஊர் ஊராகப் போக வேண்டும். உழவுக்கு எத்தனை ஆள், நடவுக்கு எத்தனை ஆள், களைக்கு எத்தனை ஆள், மூட்டை எங்கே விற்றது என்று கேட்டுக் கேட்டு ஒரு நீளமான படிவத்தை நிரப்ப வேண்டும். ஷெட்யூல் என்போம் அதை. பூச்சிமருந்து, உரம் பற்றியெல்லாம் யாரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், கடைச் சீட்டு இருக்கும். கஷ்டம் ஆள் கணக்கில்தான். அதில் இரண்டு கட்டம் உண்டு: கூலி ஆள் என்று ஒன்று, வீட்டு ஆள் என்று ஒன்று.

நான் ஒரு வீட்டுக்குப் போனால் எனக்கு நாற்காலி வரும், டீ வரும். "சார், என்னா வேணுமோ கேளுங்க" என்று வீட்டுக்காரர் எதிரே உட்காருவார். அரை மணி நேரத்தில் ஷெட்யூல் முடிந்துவிடும். அவள் போனால் நாற்காலி வராது. நேரே கழனிக்குப் போவாள், சுடிதாரை முட்டிக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குவாள், களை எடுக்கிற பெண்களோடு தானும் குனிந்து பிடுங்கிக்கொண்டே பேசுவாள். மதியம் அவர்கள் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது இவளுக்கும் ஒரு பங்கு இருக்கும். அவள் அம்மா காட்டுமன்னார்கோவில் பக்கம் நடவுக்குப் போகிறவர். அதனால் அவளுக்கு வரப்பில் நடப்பது எனக்குப் பஸ்ஸில் ஏறுவது மாதிரி.

எனக்குத் தாங்காது. நானும் விவசாயி வீட்டுப் பையன்தான். திருவந்திபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சொந்த நிலம் உண்டு. அவளுக்கு ஒரு சென்ட் கிடையாது. அப்படி இருக்க, விவசாயம் அவளிடம் பேசுகிறது, என்னிடம் ஏன் பேச மாட்டேன் என்கிறது? இதை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டதுதான் என்றாலும், எழுதும்போது கூசுகிறது.

ஒருமுறை இருவரும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனோம். எங்கள் பக்கம் அதைக் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். நான் வியாபாரிகளிடம் பேட்டி எடுத்தேன். மரியாதையாக உட்கார வைத்து, மரியாதையாகவே ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார்கள். அவள் குவியலுக்கு அந்தப் பக்கம், சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாக்களிடம் நின்றாள். இயற்கை நெல்லுக்கு அங்கே தனிக் குவியல் கிடையாது, மற்ற நெல்லோடு வரிசையில் நின்று அதே விலைக்குத்தான் போகிறது, தனி விலை கிடைக்கும் என்று முதல் வருடம் வந்தவர்கள் மறு வருடம் வருவதில்லை என்பதையெல்லாம் ஒரு டீ நேரத்தில் தெரிந்துகொண்டு வந்தாள். திரும்பும் பஸ்ஸில் அதை எனக்கும் சொன்னாள். "நீங்களும் எழுதிக்கோங்கண்ணா, பொதுவான விஷயந்தான" என்றாள். அந்தத் தாராளம் இருக்கிறதே, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சிப்காட் தொழிற்பேட்டை வந்து ரசாயன நாற்றம் அடித்ததும் ஜன்னலை இழுத்து மூடிவிட்டுத் தூங்குவது மாதிரி நடித்தேன்.

மேடம் ஒரு விதி வைத்திருந்தார். சொந்த ஊரில் சர்வே எடுக்கக் கூடாது. தெரிந்தவர்கள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள் என்பார். அதனால் என் ஊர்ப்பக்கம் அவளுக்குப் போனது, அவள் ஊர்ப்பக்கம் எனக்கு வந்தது. அவள் ஊரில் அவள் அம்மாவை நான் பார்க்கவே இல்லை. நிலம் இல்லாதவர்களிடம் கேட்க என் ஷெட்யூலில் கேள்வி இல்லை. அவள் என் ஊருக்குப் போன அன்று சாயங்காலம் என் அம்மா போன் செய்தாள்.

"ஒங்க காலேஜி பொண்ணு வந்துச்சு. என்னா பொறுமை தெரியுமா அதுக்கு! கழனியில எறங்கி எங்கூடவே நின்னுச்சு. சோறு போட்டேன், சாப்ட்டுட்டுத்தான் போச்சு. நீ ஒரு நாளாச்சும் அப்படி எறங்கி நின்னுருக்கியா?"

"அப்பாகிட்ட கேட்டுச்சாம்மா?"

"அவுரு எங்க, கடலூர் போயிருந்தாரு."

நான் போனை வைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் கேட்காமல் எடுத்த ஷெட்யூல் என்ன ஷெட்யூல் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவில்லை.

எங்கள் நிலத்தில் ஒரு காணியை இயற்கைக்கு மாற்றச் சொன்னதே நான்தான். காணி என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். அப்பாவுக்கு அரை மனசுதான். "மருந்து அடிக்காம என்னாடா வெளையும்?" என்றார். சாணமும் கோமியமும் கலந்து ஜீவாமிர்தம் கரைக்கச் சொல்லிக் கொடுத்து, பழைய ரக விதை வாங்கிக் கொடுத்து, செலவு பாதியாகக் குறையும் என்று அடித்துச் சொன்னேன். அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார், மவன் ஆராய்ச்சி பண்ணி நடத்துற நெலம் என்று. பயிர் நன்றாகவே வந்தது. அந்தக் கழனியை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு புல் பூண்டு தெரியாது அதில், அவ்வளவு சுத்தம்.

அந்த வருடம் ஒரு பெரிய திட்டம் வந்தது. மூன்று வருடச் சம்பளத்தோடு ஓர் ஆய்வாளர் இடம். ஒரே இடம். எங்கள் இருவரையும் ஒரே நாளில் செமினார் கொடுக்கச் சொன்னார் மேடம். யார் என்று அதற்குப் பிறகு முடிவு செய்வார். ஊரில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் படிக்கிறாரா என்று ஒவ்வொரு பெண் வீட்டிலும் ஒரே கேள்வி. அந்த இடம் எனக்கு வேண்டும். அது அவளுக்குப் போகக் கூடாது என்பது அதைவிட அதிகமாக வேண்டும்.

நான் முதலில் பேசினேன். முதல் ஸ்லைடே எங்கள் கழனி போட்டோதான். இயற்கை விவசாயத்தில் செலவு குறைவு, லாபம் தெரிகிறது என்று முடித்தேன். கை தட்டினார்கள். அடுத்து அவள் வந்தாள். செலவு குறையவில்லை, கணக்கில் வராத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது என்றாள். மருந்து அடிக்காத நிலத்தில் களை மூன்று மடங்கு கிளம்புகிறது, கூலி ஆள் விட்டால் கட்டாது, அதனால் வீட்டுப் பெண்களே இறங்கிப் பிடுங்குகிறார்கள், அதை யாரும் செலவாகவே சொல்வதில்லை என்றாள். நாம் போய்க் கேட்டால் வீட்டுக்காரர் மனைவியைப் பற்றி, "அது ஒரு ரெண்டு நாளு கூடமாட நிக்கும்" என்று சொல்வார், நாமும் இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்றாள்.

என் ஷெட்யூல்களில் அந்தக் கட்டத்தில் எத்தனை 'இரண்டு' இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

அவள் ஓர் அட்டவணையைப் போட்டாள். பெயர் இருக்காது, வெறும் எண்தான். அதில் ஒரு வீட்டில், ஒரு காணிக்கு, கூலி ஆள் பூஜ்யம், வீட்டு ஆள் நாற்பத்தொன்று. ஒரே ஒரு பெண், ஒரே போகத்தில், களை எடுக்க மட்டும் நாற்பத்தொரு நாள். எனக்கு உயிர் வந்தது. எழுந்து நின்றேன்.

"இது கட்டம் மாறிப்போயிருக்கு" என்றேன். "கூலி ஆளை வீட்டு ஆள்ல போட்டிருக்கீங்க. நானும் விவசாயி வீட்டுப் பையன்தான். ஒரு காணியில தனி ஆளா நாப்பத்தொரு நாள் எந்த வீட்டுலயும் எறங்க மாட்டாங்க. யார் வீட்டுல அப்படி விடுவாங்க? இந்த ஒண்ணே தப்புன்னா மத்ததும் சந்தேகந்தான்."

அவள் என்னையே பார்த்தாள். பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்து, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். "அது சரியான நம்பருதான்ணா. ரெண்டு தடவ போயிக் கேட்டேன்" என்றாள், மெதுவாக.

மேடம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நீங்கதான சந்தேகப்பட்டீங்க, நீங்களே அந்த வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்டு, சரியா தப்பான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தப்புன்னா அந்தப் பகுதியையே எடுத்துடலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அவள் ஷெட்யூலை உடனே கொடுக்கவில்லை. "அண்ணா, இத வேற யாராச்சும் பாக்கட்டுமே" என்றாள். பயப்படுகிறாள் என்று எனக்கு ஒரே குஷி. கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் பெயர் இல்லை, சரிபார்க்க ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது. என் போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் 'அம்மா' என்று வந்தது.

தவறாக அழுத்திவிட்டேன் என்று அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடி அம்மா.

எங்கள் வீட்டை எங்கள் வீடு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் களை எடுக்க யாரும் இல்லை என்றுதானே இருந்தேன்.

கடைசிப் பக்கத்தில், குறிப்பு என்ற இடத்தில், அம்மா சொன்னதைச் சொன்னபடியே அவள் எழுதியிருந்தாள்: "ஆளு விட்டா செலவு ஏறிடும். மவன் சொன்னது பொய்யாப் பூடும், ஊரு சிரிக்கும். காலைல எறங்குனா மதியம் வரைக்கும் எடுப்பேன். ராவுல முட்டி மடக்க முடியல. அதுகிட்ட சொல்லாதம்மா, படிப்ப வுட்டுட்டு ஓடியாந்துடும்."

அந்த எழுத்தைப் பார்த்தபோது முதலில் வந்தது அழுகை இல்லை. எனக்கு வந்தது பொறாமைதான். முட்டி வலியை என் அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டே தடவை வந்து போனவளிடம்! வாரம் தவறாமல் பேசுகிற என்னிடம் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்பதோடு சரி. நான் கேட்டிருந்தால்தானே என்பது அப்புறம்தான் உறைத்தது.

போன் செய்தேன்.

"அம்மா, போன போகத்துல எத்தன நாளு கள எடுத்த?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"சும்மா கேக்குறேன். ஆராய்ச்சிக்குத்தான்."

"நான் எங்கடா எடுத்தேன்? ஒரு ரெண்டு நாளு கூடமாட நின்னேன், அவ்ளோதான். ஒங்கணக்குல அதெல்லாம் எழுதாத. செலவே இல்லாமத்தான் வெளஞ்சுச்சு." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அந்தப் பொண்ணு நல்லாருக்கா? ஒரு நாளு கூட்டியாயேன்" என்றாள்.

ஆக, கையில் ஷெட்யூல். காதில் அம்மாவின் வாயாலேயே சொன்ன 'இரண்டு'. நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவள் வேலை சரிந்துவிடும், அந்த இடம் எனக்கு. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்லவனாக உட்கார்ந்திருக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி, இரண்டு என்று எழுதிப் பார்க்கக் கூட ஆசையாக இருந்தது. அப்போது போனில் அந்தப் போட்டோ கண்ணில் பட்டது. ஒரு புல் இல்லாத எங்கள் கழனி. செமினாரில் அதைக் காட்டிக் கைதட்டு வாங்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

'நாற்பத்தொன்று. சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே, இது என் வீடு என்றும் எழுதினேன். மேடம் அதைப் படித்துவிட்டு, என் ஷெட்யூல்களில் அந்தக் கட்டத்தை மட்டும் திரும்பப் போய்க் கேட்டுவரச் சொன்னார். அதற்கு எனக்கு இன்னொரு வருடம் பிடித்தது. நாற்காலியில் உட்காராமல் கேட்டேன். பல வீடுகளில் எனக்கு இப்போதும் இரண்டு என்றுதான் பதில் வந்தது.

இடம் அவளுக்குப் போனது. அவள் லட்டு கொண்டுவந்தபோது சர்க்கரை ஆகாது என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

அடுத்த போகத்தில் களைக்குக் கூலி ஆள் விடச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டேன். இப்போது விடுகிறார்கள். லாபம் என்று பெரிதாக ஒன்றும் நிற்பதில்லை, ஊரிலும் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாவிடம் முட்டி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். "எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். அதற்குப் பிறகு நான் அவளுக்கு போன் செய்வேன், அம்மா இப்போதும் பேசிக்கொண்டிருக்கிற என் ஜூனியருக்கு. உண்மையில் எப்படி இருக்கிறது என்று அவள் சொல்வாள்.