மாரியப்பன் சொல்ல வந்தது

இன்று சங்கரன்கோவிலில் திருவேங்கடம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாரியப்பனைப் பார்த்தேன்.

எண்பத்திரண்டில் விசைத்தறிக் கூடத்தில் நான் சூப்பர்வைசர், அவர் தறி ஓட்டினார். ஒருநாள் தறியருகே நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல நான் சொல்லுததக் கேளுடே!"

மூன்று முறை வாயை அடைத்தேன். பிறகு அவரே தறியை நிறுத்தினார். நெய்த துணியோடு என் வேட்டி நுனியும் உருளையில் ஒரு முழம் சுற்றியிருந்தது. கூடமே சிரித்தது.

"அன்னையிலேருந்து யாரு வந்தாலும் முழுசாக் கேட்டுட்டுத்தாம்டே பேசுவேன்" என்று இன்று பெருமையாக அளந்துகொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு..."

"இருடே, முடிச்சிருதேன்."

முடித்தேன்.

"ஒங்க பஸ்ஸு போயிட்டு அண்ணாச்சி."

அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். யாருக்காவது என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா? இப்போது கேட்கிறேன்.