சந்தை மூடியிருந்த நாளில் வாங்கிய பங்கு

கல்லூரியில் அவளைத் தசமம் என்று கூப்பிட்டார்கள். மூன்று புள்ளி எட்டை யாராவது நாலு என்று சொல்லிவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு முதலீட்டு நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சிக்கு இடம் பிடித்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தவம் கிடந்தாள். இருப்பது ஓர் இடம். அதில் நுழைந்தவருக்குத்தான் படிப்பு முடிந்ததும் அங்கே வேலை. மதிப்பெண் போதாது, பாடத்துக்கு வெளியே என்ன கிழித்தாய் என்றும் கேட்பார்களாம்.

கிழித்தாள். விவாத மன்றத்தில், வட்டியை ஏற்ற வேண்டும் என்று காலையிலும் இறக்க வேண்டும் என்று மாலையிலும் பேசி, இரண்டுக்கும் கோப்பை வாங்கினாள். விடுதியைப் பெருக்கும் பெண்களை உட்காரவைத்துச் சேமிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாள்.

"நல்லா சொன்னே கண்ணு. நீ மாசம் எவ்ளோ சேர்க்கிறே?" என்று ஓர் அக்கா கேட்டார். பெருக்கிய சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை நர்ஸாக்கியவர். தசமம் எல்லோரையும் புகைப்படத்துக்கு நிற்கவைத்தாள். புகைப்படம் மட்டும் நன்றாக வந்தது.

விண்ணப்பத்தில் மின்னியது என்னவோ முதலீட்டு மன்றம்தான். நாற்பது மாணவர்கள் கற்பனைப் பணத்தில் நிஜப் பங்குகளை வாங்கி விற்கும் விளையாட்டு அது. வேர்த்து ஊற்றினாலும் கோட்டைக் கழற்றாத தலைவனுக்குச் சேர்மன் என்று பட்டம். தசமம் பொருளாளர். ஓராண்டு லாபம் முப்பத்தொன்பது சதவீதம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்கள் ஏட்டிலேயே கறி சமைத்தார்கள். திங்கட்கிழமை வாங்கியதை வெள்ளிக்கிழமை மாலை எழுதுவது மன்றத்தின் வழக்கம். அந்த வாரம் எது ஏறியதோ அதைத்தான் திங்களன்று வாங்கியிருப்பார்கள். "அப்பவே மனசுல நெனச்சுட்டேன், எழுதத்தான் நேரமில்ல" என்பான் சேர்மன். பிஸ்கட் தட்டு சுற்றும். தசமமும் அந்தப் பிஸ்கட்டைத் தின்றவள்தான். பொய்த் தேதிக்கு நேராக விலையைப் புள்ளி பிசகாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

நேர்காணலுக்கு முதல் நாள், சித்தியிடம் இரவல் வாங்கிய கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே அம்மா மன்றக் கோப்பைப் புரட்டினாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; எதை எடுத்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பாள்.

"ஏன்டி, இந்தப் பத்தொன்பதாம் தேதிதானே என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனே? மார்க்கெட் லீவும்மா, எனக்கு வேலையில்லன்னியே."

"ஆமா."

"அப்புறம் பூட்டின கடையில எப்படிச் சாமான் வாங்கினீங்க?"

வருஷ லாபத்தில் பாதி அந்த ஒரு வரியில் இருந்தது. சேர்மனுக்குப் போன் போட்டாள். அதே இடத்துக்கு அவனும் விண்ணப்பித்திருந்தான்.

"அட, இதுக்குப் போயா! பதினாறுன்னு மாத்திடு, அன்னிக்கு மார்க்கெட் இருந்துச்சு. என் பிரதியில நானும் மாத்திக்கிறேன். தேதி என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

"பொய்யில்லையா அது?"

"பணமே பொய், தசமம். பொய்ப் பணத்துல உண்மையைத் தேடுற ஒரே ஆளு நீதான்."

அவன் சொன்னது நியாயம்போல் பட்டது. ஆனாலும் போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். உண்மையில் எழுதிய வெள்ளிக்கிழமைகளின் விலையை வைத்து வருஷம் முழுவதையும் மறுபடி கணக்கிட்டாள். தேதியைத் தொடவில்லை.

மறுநாள், கோப்பைப் புரட்டிய பெண் அதிகாரியின் பேனா அந்த வரியில் நின்றது.

"பத்தொன்பதாம் தேதி சந்தை இல்லையே?"

"இல்ல மேடம். எல்லாமே வாரம் முடிஞ்சப்புறம் எழுதினது. சரியா எழுதியிருந்தா ஆறு புள்ளி நாலு சதவீதம் நஷ்டம்."

"நேர்மையா சொன்னீங்க, சந்தோஷம். பக்கத்துக்குப் பக்கம் இருக்கிற கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"வருஷம் முழுக்கவா?"

"வருஷம் முழுக்க."

அதிகாரி கோப்பை மூடி, ஈரம் பட்ட காகிதத்தைத் தள்ளுவதுபோல இரண்டு விரலால் தள்ளினார். அடுத்து சேர்மன் உள்ளே போனான். அவன் கோப்பில் தேதி பதினாறு. எந்தப் பக்கத்திலும் அவன் கையெழுத்து கிடையாது. தலைவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. இடம் அவனுக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் அவனுக்குப் பாராட்டு. பிஸ்கட் தட்டு வந்தது. தசமம் அதைத் தள்ளிவிட்டாள்.

"சரி, திங்கட்கிழமை என்னப்பா வாங்கினோம்?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் நோட்டை இழுத்து அன்றைய தேதியைப் போட்டாள். 'வாங்கியது: ஒன்றுமில்லை.' கையெழுத்திட்டாள்.

"இதுல லாபம் எவ்ளோம்மா?" என்றான் சேர்மன், தன் கோட்டைத் தட்டிவிட்டபடி.

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம்."

நோட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள், பின்னால் பக்கம் கிழிபடும் சத்தம் கேட்டது.