பழைய பட்டும் குளியலறை வாளியும்

“டிகிரி முடிச்சுட்டு ஊரார் சேலைய அலசிட்டு இருக்குது லா அந்தப் பொண்ணு!”

பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது கேட்டது. அந்தப் பொண்ணு நான்தான். பழைய பட்டுச் சேலைகளை வீட்டிலேயே அலசி, உலர்த்தி, மடித்துக் கொடுப்பது என் வேலை. அம்மாவின் சேலையை அலமாரியில் வைத்துக்கொண்டு இந்த ஊர்ப் புழுக்கத்தோடு போராடுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

பூச்சி உருண்டை

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து சேலை கொண்டுவந்த ஸ்டெல்லா டீச்சர் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் பூச்சி உருண்டை போட்டிருந்தார். பையைத் திறந்ததும் எனக்குக் கண்ணில் நீர். “பருத்தித் துணியில சுத்தி வைங்க, அப்பப்ப மடிப்ப மாத்துங்க” என்று டீச்சருக்கே புத்தி சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வாசனை போக நான்கு நாள் மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்தேன்.

திரும்ப வாங்க வந்த டீச்சர் பெருமூச்சு விட்டார்: “ஒரு பூச்சியும் வரல. சர்ச்சுல என் பக்கத்துல உட்கார ஒரு ஆளும் வரல.”

ஈர மூட்டை

புக்கிட் மேராவில் மளிகைக்கடை வைத்திருக்கும் யூசுப் பாய், ஒரு வியாழக்கிழமை சொட்டச் சொட்ட ஒரு பையோடு வந்தார். உள்ளே மனைவியின் தாயார் விட்டுப்போன சந்தன நிறப் பட்டு. அடுத்த மாதம் மகளின் நிக்காவுக்கு அதைத்தான் கட்டப்போகிறாராம் மனைவி. அவர் சென்னை போயிருக்கும் நேரத்தில் பளிச்சென்று ஆக்கி வைக்கலாம் என்று இவர் வெந்நீர் விட்டு மெஷினில் போட, கரையின் அரக்குச் சாயம் சேலையின் உடலெல்லாம் இறங்கிவிட்டது.

“ஞாயித்துக்கிழமை அவ வர்றா, தங்கச்சி. சேலைய இல்ல, என்னையக் காப்பாத்துங்க.”

மடிப்பு

மூன்று நாள் குளியலறை வாளியில் குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி அலசினேன். ஆச்சரியம், சாயம் போய்விட்டது. முந்தானையில் மட்டும் உள்ளங்கை அளவு கறை. ஞாயிற்றுக்கிழமை வந்த யூசுப் பாய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

“அத உள்ள வச்சு மடிச்சுடுங்க. நிக்கா அன்னிக்குப் பாத்துக்கலாம்.”

மடித்துக் கொடுத்தேன். அவர் செருப்பு மாட்டினார். அப்போதுதான் எனக்கு எப்படியோ வாய் வந்தது: “அன்னிக்குக் காலைல பாத்தா அக்கா என்ன செய்வாங்க, பாய்? இப்பவே தெரிஞ்சா அந்த இடத்துல பூவேலை செஞ்சு மறைச்சுடலாம்.”

யூசுப் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சேலையைச் சாப்பாட்டு மேசையில் பிரித்து, கறை மேலே தெரியும்படி தானே மடித்து எடுத்துக்கொண்டு மனைவியை அழைக்க விமான நிலையத்துக்குப் போனார்.