மருந்துக்கு அஞ்சாத பேன்கள்

எனக்கு ஒன்பது வயதில் இடுப்பு வரை முடி. அந்த முடிக்காகவே பள்ளியின் சுதந்திர தின நாடகத்தில் வள்ளி வேடத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள். திருத்தணியில் ஒரு பெண்ணுக்கு வள்ளி வேடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. நடிப்பு எனக்குச் சுமார்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முடியோடு பேனும் இருந்தது. பொங்கல் முடிந்ததும் அம்மா பேன் மருந்து வாங்கி வந்தாள். ஒரே தடவையில் தலை முழுக்கத் தேய்த்துத் தீர்க்க வேண்டிய பாட்டில் அது. சிக்கனக்காரியான அம்மா, ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து, ஒரு பாட்டிலை ஒரு மாதத்துக்கு இழுத்தாள். முதல் வாரம் வெள்ளைத் துண்டில் எள் கொட்டியதுபோல் பேன்கள் விழுந்தன. வாரங்கள் போகப் போக விழுவது குறைந்து, அரிப்பு கூடியது. ஐந்தாவது பாட்டில் வந்தபோது, மருந்து தேய்த்த தலையிலேயே பேன்கள் நிம்மதியாகக் கிரிவலம் வந்தன.

அப்பா காலி பாட்டிலோடு போய், போலி மருந்து என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். அம்மாவின் தம்பியான மாமா வேறு காரணம் கண்டுபிடித்தார். கோடை விடுமுறைக்கு நான் எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கும் புத்தூர் போய் வந்திருந்தேன்.

"அது ஆந்திராப் பேன்க்கா. தமிழ்நாட்டு மருந்துக்கு எப்படிக் கட்டுப்படும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மருந்தையே குடிச்சிகினு உக்காந்திருக்குது. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு ஒரு பேன் கண்ணுல பட்டாலும் மொட்டைதான். முருகனுக்கு வேண்டிகினேன்" என்றாள்.

மொட்டைத்தலை வள்ளியை எந்த முருகன் கட்டிக்கொள்வான்? அழுதேன். இரண்டு வேளை சாப்பிடவில்லை. அம்மா மசியவில்லை.

அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்தது. அலமாரியில் கிடந்த பேன் சீப்பை எடுத்தேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் தலையை நனைத்துக்கொண்டு, அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் குனிந்து உட்காருவேன். வகிடு வகிடாகப் பிரித்து அடியிலிருந்து நுனி வரை வாரி இழுப்பது தங்கையின் வேலை. நசுக்கும் உரிமையையும் அவளுக்கே கொடுத்திருந்தேன். அந்த ஆசையில் அவள் ஒரு நாளும் மட்டம் போடவில்லை. ஈர் பொரிந்து வந்த குஞ்சுகளும் மறுநாளே சீப்பில் சிக்கின. மருந்துக்குச் சாகாத பேன் சீப்பின் பல்லுக்குத் தப்பவில்லை.

கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தில் இடிபட்டு மொட்டை போடும் இடத்துக்குப் போனோம். அம்மா முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்திருந்தாள். அவ்வளவு நம்பிக்கை. வெயிலில் என்னைத் திருப்பி நிறுத்தி, காதோரம், பிடரி என்று அலசினாள். மாமாவையும் தேடச் சொன்னாள். ஒன்றுகூட இல்லை!

"இன்னாம்மா, யாரு உக்காரப் போறது?" என்றார் முடி இறக்குபவர், கத்தியோடு.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "சீட்டு வீணாப் போவக்கூடாது. நீங்க உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். நான் இடுப்பு வரை நீண்ட முடியை வீசிக்கொண்டு மலைப்படி ஏறினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு கர்வத்தோடு நான் எங்கேயும் நடந்ததில்லை.

நாடகத்தில் முருகனாக நடித்தவள் என் உயிர்த்தோழி. ஆனி மாதம் முழுக்க ஒரே தாளில் வசனம் படிக்க என்னோடு தலைமுட்டி உட்கார்ந்திருந்தவள். மாலை மாற்றும் கட்டத்தில் அவள் வேல் நுனியால் தலையைச் சொறிந்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, எனக்கோ கைதட்டல்.

"அம்மா மருந்து தேச்சிகினேதான் இருக்காங்க, கேக்கவே மாட்டேங்குது" என்று மேடைக்குப் பின்னால் அவள் அழுதாள்.

மருந்து போலி இல்லை என்பது எனக்கு அன்று தெரியாது. சொட்டு மருந்துக்குச் சாகிறவை செத்துப்போக, பிறவியிலேயே அதைத் தாங்கக்கூடிய ஒன்றிரண்டு பிழைத்து, தம்மைப்போலவே பிள்ளை பெற்றுப் பெருகின. ஆந்திராவுமில்லை, கடைக்காரருமில்லை, ஞாயிறு தவறாமல் பொறுக்கியெடுத்து அந்த வம்சத்தை உருவாக்கியது எங்கள் வீடு. இது எதுவும் தெரியாமல், தலையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கு நீளமாகப் பாடம் எடுத்தேன். பாவம், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.