கடைசியில் வரும் ஆதி

கரிப்புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறினால்தான் எனக்கு அது கோயில். சாம்பிராணி மட்டும் மணக்கிற கோயில்களை இன்றுவரை நான் முழுதாக நம்புவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்காரர்களின் "கோட்டர்ஸ்" வரிசையில் எங்கள் வீடு, அப்பா எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர், தண்டவாளத்தைத் தாண்டினால் மாதா கோயில். அந்த நாளில் பூசை முழுவதும் லத்தீன். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தோடு பேசுவார், பக்கத்தில் மண்டியிட்ட பையன் எங்கள் எல்லோருக்குமாகப் பதில் சொல்வான், நாங்கள் முக்காட்டுக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்போம்.

வார நாள் பூசைக்கு அந்தப் பையன் என் அண்ணன் செபஸ்தியான். அவன் வீட்டில் மனப்பாடம் செய்ய எதிர்ப்பாட்டுக்கு ஆள் வேண்டும் என்பதால் என்னைச் சாமியார் ஆக்கினான். அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே "இன்த்ரோயீபோ அத் அல்தாரே தேயி" என்று நான் தொடங்குவேன். கடவுளின் பீடத்தண்டை போவேன் என்று அர்த்தம், அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவன் கதவடியில் முழங்காலிட்டு, என் இளமையை மகிழ்விக்கும் கடவுளிடம் போவேன் என்று லத்தீனில் பதில் சொல்வான். அவன் திக்கும் இடத்தில் நானே எடுத்துக்கொடுப்பேன். "பொட்டப்புள்ள வீட்டுலயே பூசை வெக்கிறா, ஊரு உருப்பட்ட மாதிரிதான்" என்பாள் அம்மா, ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. எல்லாம் முடிந்து ஆசீர்வாதமும் கொடுத்த பிறகு சாமியார் பீடத்தின் இடது மூலைக்குப் போய், "இனீட்சியும்" என்பார், தொடக்கம். பிறகு "இன் பிரின்ச்சிப்பியோ", ஆதியிலே வார்த்தை இருந்தது என்று தொடங்கும் நற்செய்தி வாசகம். முடிந்த பிறகு ஆரம்பிக்கிற பூசை! எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு பிதற்ற ஆரம்பித்தான். அவன் பிழைக்க அம்மா ஒரு பூசை ஒப்புக்கொடுத்தாள். அப்பா ரயிலோடு போயிருந்தார். பூசைக்குப் பதில் சொல்லத் தெரிந்த இன்னொருவரான உபதேசியார், கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக்கு ஞானோபதேசம் சொல்லப் போயிருந்தார். விடிகாலையில் கோயிலில் நாங்கள் கொஞ்சம் பெண்களும் கண் மங்கிய இரண்டு கிழவர்களும்தான். சாமியார் தொடங்கினார். பதில் இல்லை. மறுபடி தொடங்கினார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, "பதில் சொல்ல ஆளில்லையே, பூசை செல்லுமாடி? எம்புள்ள கதி என்னாவும்?" என்று அழுதாள்.

நான் பெண்கள் பக்கத்திலிருந்தே பதில் சொன்னேன், நல்ல சத்தமாக. முன்னால் இருந்த முக்காடுகளெல்லாம் திரும்பின, அம்மா தொடையைக் கிள்ளினாள். சாமியார் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அதற்கும் பதில் சொன்னேன். ஆதியிலே வரைக்கும் போய், கடவுளுக்கு நன்றி என்கிற கடைசி "தேயோ கிராசியாஸ்" வரைக்கும் விடவில்லை.

அண்ணன் பிழைத்தான். உபதேசியார் ஊர் திரும்பியதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "பொம்பளக் குரலு பீடத்துக்குப் போகக் கூடாது. ஞாயித்துக்கெழம பீடத்துக் கிராதிக்கு முன்னால முட்டி போட்டு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா இந்த வருஷம் புதுநன்மை கெடயாது." என் முதல் நற்கருணைக்கு அம்மா வெள்ளை கவுன் தைத்து வைத்திருந்தாள்.

"நான் கடவுளுக்குத்தானே பதில் சொன்னேன், உங்களுக்கா சொன்னேன்?" என்றேன். அம்மா அடித்தாள், அழுதாள், கெஞ்சினாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரும் சொல்லவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அந்த வருஷம் மற்றப் பெண்கள் மெழுகுவத்தியோடு வரிசையாகப் போனதைப் பின்பெஞ்சிலிருந்து பார்த்தேன். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுவருஷம் உபதேசியாரே சலித்துப்போய் என்னையும் புதுநன்மை வரிசையில் விட்டுவிட்டார். குட்டையாகிப்போன கவுனுக்கு அம்மா கீழே வேறு வெள்ளையில் ஒட்டுப்போட்டாள், அந்த ஒட்டு எல்லோருக்கும் தெரிய நிமிர்ந்து நடந்தேன்.

இன்று கரி எஞ்சினும் இல்லை, கோட்டர்ஸும் இல்லை, லத்தீனும் போய்விட்டது. பூசை தமிழில், பெண்கள்தான் உரக்கப் பதில் சொல்கிறார்கள், பீடத்தில் மணி அடிப்பது பக்கத்து வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்து யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கடைசி வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள், ஆசீர்வாதம் ஆனதும் கூட்டம் காருக்கு ஓடுகிறது.

நான் மட்டும் நிற்பேன். போன ஞாயிறு அந்தப் பெண் மெழுகுவத்தியை அணைக்க வந்து, "ஆன்ட்டி, பூச முடிஞ்சிருச்சுலா" என்றாள்.

"கொஞ்சம் அணைக்காம இரும்மா," என்றேன், "இனிமேதான் ஆரம்பம்." இன் பிரின்ச்சிப்பியோ என்று, பீடத்துக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.