ஏழாம் மேசையின் முதல் அங்குலம்

தொழிற்சாலையில் எல்லோரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு அப்படியொன்றும் பெரிதில்லை, முகத்துக்கு அளவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூக்கையும் அதற்குக் கீழே இருக்கிற நாக்கையும் நம்பித்தான் அந்தச் சுருட்டுத் தொழிற்சாலை முப்பது வருடமாகச் சரக்கை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் சரி என்று சீட்டில் எழுதினால் பெட்டியில் போகும். இல்லை என்று எழுதினால், உருட்டியவர் தலைகீழாக நின்றாலும் போகாது.

உட்கார்ந்த இடத்தில் சுருட்டுப் பிடிக்கச் சம்பளமா என்று கேள்விப்பட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த மனிதர் பட்ட பாடு அவருடைய அக்காவுக்குத்தான் தெரியும். ருசி பார்க்கிற நாளுக்கு முந்தின நாளிலிருந்தே வெங்காயம் கிடையாது, மிளகு கிடையாது, வாசனைச் சோப்பு கிடையாது. அக்கா தலைக்கு எண்ணெய் வைத்தால் நாலு அடி தள்ளித்தான் நின்று பேச வேண்டும். கணவர் போனபின் தம்பியோடு வந்து தங்கியவள் அவள். "மூக்க வாடகைக்கு விட்டுட்டு மனுஷன் மட்டும் வீட்டுக்கு வரான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் அவர் ஒரு சுருட்டுக்கூடப் பற்றவைத்ததில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. முதலாவதற்குக் காரணம் கேட்டால் சொல்வார். இரண்டாவதைக் கேட்டால் சட்டைப் பையில் எதையோ தேடுவார்.

ருசி பார்க்கிற அறை இரண்டாம் மாடியில், நடையின் கடைசியில் இருந்தது. வெள்ளைச் சுவர், மெருகு போடாத மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர்க் கூஜா, உப்பில்லாத ரொட்டித் துண்டுகள். பெட்ரோல் லைட்டர் உள்ளே வரக் கூடாது, தேவதாருக் குச்சியில்தான் பற்றவைக்க வேண்டும். சுருட்டின் மேல் காகித வளையம் இருக்காது, எண் மட்டும் இருக்கும். யார் உருட்டியது என்று ருசி பார்ப்பவர் கேட்கக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மேலே சுற்றிய இலையில் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டிருப்பார்கள். நெருப்பு அந்தக் கோட்டைத் தொட்டதும் சுருட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். கடைசிப் பங்கில் கசப்பெல்லாம் வந்து சேரும், நாக்கு கெட்டுப்போகும் என்பது அவர்கள் கணக்கு. மதிப்பெண்ணை உடனே எழுதவும் கூடாது. ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, வாயில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எழுத வேண்டும். இந்த முறையை ஏற்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். அதனால் மற்றவர்களைவிடக் கறாராக இருப்பார்.

அன்றைக்கு ஒரே ஒரு மாதிரிதான் இருந்தது. மேனேஜர் தானே தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமே ஆன மனிதர், எதையும் கொஞ்சம் விழா மாதிரி செய்யப் பிரியப்படுவார். இது லிமிடெட் ரிலீஸ், முந்நூறு பெட்டிதான், இதற்கு முன்னும் கிடையாது இனிமேலும் கிடையாது என்று ஒப்பித்தார். தொண்ணூறு மதிப்பெண் தாண்டினால் கடைகளுக்குப் போகும், தாண்டாவிட்டால் கிடங்கில் இருந்த அலமாரிக்கே திரும்பிவிடும், மூன்று பேர் எழுதினாலும் மூக்கர் எழுதுவதுதான் செல்லும் என்றார்.

மூக்கர் நுனியை நறுக்கினார், நெருப்பைத் தொடவிடாமல் பக்கத்தில் காட்டிச் சூடாக்கினார், பற்றவைத்து இழுத்தார். இரண்டாவது இழுப்பில் கை நின்றுவிட்டது.

காரமே இல்லை. காய்ந்த மரப்பலகை வாசம், அதன் பின்னால் பால் சூடாகிற வாசம், அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் சப்பென்று இருக்கிறது என்பார்கள். அவரும் ஒரு தடவை அப்படித்தான் சொல்லியிருந்தார், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் உட்கார்ந்து.

சுருட்டின் நடுவில் ஒரு கார இலை வைப்பார்கள். நுனியிலிருந்து அடி வரை அது ஒரே நீளமாக ஓட வேண்டும் என்பது விதி. ஏழாம் மேசைக்காரி ஒருத்தி மட்டும் அந்த இலையை முன்பக்கம் ஓர் அங்குலம் கிள்ளிவிட்டு உருட்டினாள். உருட்டுகிற கூடத்தில் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, மேசை எண்தான். அவளும் ஏழுதான். கட்டைவிரல் நகம் எப்போதும் பழுப்பாக இருக்கும், பேச ஆரம்பித்தால் உதட்டோரத்தில் ஒரு கேலி வந்து உட்கார்ந்துகொள்ளும். மதியம் கை கழுவுகிற குழாயடியில்தான் இவர் அவளைப் பார்ப்பார். இவருக்குக் கழுவக் கையில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் தினமும் போய்க் கழுவினார், ஒன்றரை வருடம்.

ஒருநாள் அவளே கேட்டாள். "நீங்க ஒரு சுருட்டக்கூட முழுசா பிடிச்சது இல்லையாமே?"

கோடு வரைக்கும்தான், அது விதி என்று இவர் சொன்னார்.

"அப்போ முடிவு எப்படி இருக்கும்னு தெரியாமயே மார்க் போடறீங்க" என்று சொல்லிவிட்டு, கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அதற்குச் சரியான பதில் ஒன்றை யோசித்துக்கொண்டு வந்து, அந்தச் சாக்கில் மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று மூக்கர் திட்டம் போட்டார். யோசனை நீண்டுகொண்டே போனது. அதற்குள் ஒரு மாதிரி ருசிக்கு வந்தது, எண் மட்டும் போட்டு. முதல் அங்குலம் சப்பென்று இருக்கிறது, உருட்டியவர் கவனக்குறைவு, தள்ளவும் என்று எழுதினார். மனசாட்சிக்கு விரோதமில்லாமல், பசி எடுத்த நேரத்தில், மளமளவென்று எழுதினார்.

அந்த ஒரு சீட்டில் ஏழாம் மேசையின் ஒரு மாத உருட்டு தள்ளுபடியானது. மறுவாரம் மேசை காலியாக இருந்தது. ஏழு முன்பக்கம் கார இலையைக் கிள்ளிவிட்டுத்தான் உருட்டுவாள், அதைத் தள்ளியது உங்கள் சீட்டுதான் என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் இவருக்கு விஷயமே தெரிந்தது. அவள் தன் அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் விசாரித்தார், பிறகு விசாரிப்பதை நிறுத்தினார். நினைப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. தள்ளிய சரக்கைக் கிழித்துத் தூளாக்கிவிடுவார்கள் என்பதால் அவள் கைபட்ட எதுவும் மிச்சமில்லை என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தார்.

கிழிக்க மனம் வராத ஒரு பழைய கிடங்குக்காரர் அவற்றைத் தேவதாரு அலமாரியின் பின்வரிசையில் தள்ளி வைத்திருக்கிறார். சுவருக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது கிடைத்திருக்கிறது. இதெல்லாம் பின்னால் மேனேஜர் சொல்லித்தான் தெரியும். அந்த நிமிஷத்தில் மூக்கருக்குத் தெரிந்தது ஒன்றுதான். இது அவள் கை.

முதல் அங்குலம் தீர்ந்ததும் காரம் வந்தது, திடுதிப்பென்று இல்லாமல், கதவைத் தட்டிவிட்டு வருகிற மாதிரி. இலை வயதேறிக் கனிந்திருந்தது. சாம்பல் உதிராமல் நின்றது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புருவத்தை உயர்த்திக்கொண்டார்கள். நெருப்பு பென்சில் கோட்டைத் தொட்டது. அவர்கள் சுருட்டைக் கிண்ணத்தில் போட்டார்கள். மூக்கர் போடவில்லை. விதியை எழுதிய மனிதர் கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டிருப்பதை அவர்கள் வாயைத் திறக்காமல் பார்த்தார்கள். பேசக் கூடாது என்பதும் விதிதான்.

கசப்பு வரும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. விரல் சுடுகிற இடத்துக்கு வந்தபோது காரம் மெல்ல விலகியது. மறுபடியும் அதே மரப்பலகை, அதே பால் வாசம். பின்பக்கமும் அவள் ஓர் அங்குலம் கிள்ளியிருந்தாள். முடிவில் முதல் அங்குலம் திரும்பி வரும்படி உருட்டியிருந்தாள். கோட்டோடு நிறுத்துகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. குழாயடியில் அவள் சொன்னது கேலி இல்லை, துப்பு. மூக்கர் தண்ணீர் குடிக்கிற பாவனையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஏனென்றால் கண் நிறைந்துவிட்டது.

கீழே இறங்கும்போதே மனம் வேறு கணக்குப் போட ஆரம்பித்தது. எண்பத்தெட்டு என்று எழுதினால் போதும். முந்நூறு பெட்டியும் அலமாரிக்குத் திரும்பிவிடும். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கலாம், வருடத்துக்கு ஒன்று பற்றவைக்கலாம். தொண்ணூறைத் தாண்டி எழுதினால், எவனெவனோ வாங்கி, எந்தெந்த வராந்தாவிலோ ஊதித் தீர்த்துவிடுவான். அவருக்கு அவள் வேண்டும். அவள் இல்லை என்றால் அவள் கை உருட்டியதாவது வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு ஆசை வரலாமா என்றால், வந்துவிட்டது, என்ன செய்வது.

வீட்டில் அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி சுருட்டு நாற்றத்தோடு வாய் கொப்பளிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டாள். துருவித் துருவிக் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், எண்பத்தெட்டையும் சேர்த்து. ஏழாம் மேசையைப் பற்றி அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் அவளுக்கு அது புதுச் செய்தியாக இருக்கவில்லை.

"அன்னிக்குத் தெரியாம பண்ணினே. அத யாரும் தப்பு சொல்ல முடியாது. நாளைக்குத் தெரிஞ்சே பண்ணப் போறியா?"

"என்கிட்டயே இருக்கட்டும்னு பாக்கறேன்க்கா."

"அவ அலமாரிக்காகவா உருட்டினா?" என்றாள் அக்கா. துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைத்தாள். "நீ சொல்ல வேண்டியத சொல்லாம உள்ளயே வச்சுப் பூட்டினே. இருபத்திரண்டு வருஷமாச்சு. இதையும் பூட்டு. நல்லா இருக்கும்."

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை, வாயில் இருந்த ருசி போய்விடுமே என்று. அக்காவும் வற்புறுத்தவில்லை.

காலையில் எழுந்ததும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார். பால் வாசம் அப்படியே இருந்தது. பத்து மணிக்குச் சீட்டில் தொண்ணூற்றேழு என்று எழுதினார். முப்பது வருடத்தில் அவர் தொண்ணூற்று மூன்றைத் தாண்டியதில்லை. மேனேஜர் சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டு, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுகிற தாளுக்கு நாலு வரி வேண்டும், அதையும் நீங்களே எழுதுங்கள் என்றார்.

மூக்கர் எழுதினார்: 'இதன் முதல் அங்குலம் மென்மையாக இருக்கும். அதைக் குறை என்று நினைத்து ஒருவர் ஒருமுறை அவசரப்பட்டுவிட்டார். நீங்கள் கடைசி அங்குலம் வரை போங்கள். ஏழாம் மேசையில் உருட்டியது.'

இரண்டாவது வரி கம்பெனிக்கு நல்லதில்லையே என்று மேனேஜர் தயங்கினார்.

"அது இல்லாம வேற எந்த வரியும் வேண்டாம் சார்" என்றார் மூக்கர். அவர் குரலை உயர்த்தாமலே சொன்னதால் மேனேஜர் பேனாவை மூடிவிட்டார்.

பெட்டிகள் வேனில் ஏறியபோது அவர் வாசலில் நின்று பார்த்தார். ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றார். முந்நூறு பெட்டி முந்நூறு கடைக்குப் போகிறது. எங்காவது ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால், மூடி திறந்த ஒரு பெட்டியை, பழுப்பு நகம் உள்ள ஒருத்தி போகிறபோக்கில் பார்க்க மாட்டாளா என்பதுதான் அவருடைய முழு நம்பிக்கையும். ஒன்று குறைந்தால் ஒரு கடை குறையும்.

ஒவ்வொரு பெட்டியிலும், கருத்து எழுதி அனுப்ப ஒரு தபால் அட்டை வைத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் அட்டைகள் வர ஆரம்பித்தன. மேனேஜர் கட்டுக்கட்டாக அவர் மேசையில் கொண்டுவந்து வைத்தார். பிரமாதம், இன்னும் கிடைக்குமா, கடைசி அங்குலத்தில் கண் கலங்கிவிட்டது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அவள் எழுதியிருந்தால் பெயர் போட்டிருக்க மாட்டாள் என்று மூக்கர் பாராட்டுகளைத் தாண்டிக்கொண்டு, பெயர் எழுதாத அட்டைகளாகப் பார்த்துத் தனியே எடுத்துவைத்தார். மொத்தம் பதினோரு அட்டை. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குக்கு அருகிலும் கொண்டுபோனார்.

அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். அவர் தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

"இதுல அவளது எது?" என்று கேட்டாள்.

மூக்கர் பதினோரு அட்டைகளையும் மறுபடி ஒரு வரிசையாக வைத்தார். அவள் உருட்டியதை ஆயிரத்தில் ஒன்றாகக் கலந்து கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"அவ எழுதி நான் பாத்ததே இல்லக்கா" என்றார்.